சோறு இல்லாத முப்பது நாள்ல எந்தக் கிழங்கு? சேனை, சர்க்கரவள்ளி, உருளை, மரவள்ளி ஒரு ஒப்பீடு

இட்லி தோசை இல்ல, சோறு இல்ல, பருப்பு இல்ல, பால் தயிர் இல்ல, சீனி வெல்லம் கருப்பட்டி இல்ல, பாக்கெட்ல அடைச்சு வர்றது எதுவும் இல்ல, காய் பழம் கறி மீன் முட்டை தேங்காய் நல்லெண்ணெய் இது மட்டும்தான்னு முப்பது நாள் டயட் இப்ப காரைக்குடி தேவகோட்டைப் பக்கம் நிறைய வீட்டுல ஓடிக்கிட்டு இருக்கு. மெட்ராஸ்ல, சிங்கப்பூர்ல இருக்குற பிள்ளைக ஆரம்பிச்சு வச்சு, அப்புறம் ஊருல இருக்குற அம்மா, சித்தி, மாமான்னு எல்லாரும் சேர்ந்துக்கிட்டாக. ஆரம்பிச்ச ரெண்டு மூணு நாள்லயே எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், கிழங்கு சாப்பிடலாமா, சாப்பிடலாம்னா எந்தக் கிழங்கு. இதுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்றாங்க, ஒருத்தர் கிழங்கே விஷம்ங்கறார், இன்னொருத்தர் மரவள்ளிய தட்டு நிறைய வச்சு சாப்பிடுங்கங்கறார், அதனால எனக்குத் தெரிஞ்சத ஒரே இடத்துல வச்சுப் பாத்துறலாம்னு எழுதுறேன்.

முதல்ல நீங்க இருக்குறது எந்த டயட்னு தெளிவு பண்ணிக்கணும், ஏன்னா பேரு ஒண்ணா இருந்தாலும் சட்டம் வேற வேற. ஹோல்30ன்னு சொல்றது 2009ல அமெரிக்காவுல ஆரம்பிச்சது, அதுல தானியம், பருப்பு வகை, பால், சேத்த சர்க்கரை, மது இதெல்லாம் கிடையாது, நெய் உண்டு, கிழங்குக்குத் தடையே இல்ல. ஆரம்பத்துல உருளைக்கிழங்க மட்டும் வேணாம்னு வச்சிருந்தாங்க, 2014ல அதையும் உள்ள விட்டுட்டாங்க, ஆனா சிப்ஸ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் மட்டும் கூடவே கூடாது. வெளிநாட்டு பேலியோவுல, அதாவது ஆதிமனுஷன் சாப்பிட்ட மாதிரி சாப்பிடணும்ங்கற டயட்ல, சர்க்கரவள்ளி உண்டு, உருளைய நிறைய பேரு ஒதுக்குவாங்க. நம்ம தமிழ்நாட்டுல பேலியோன்னு சொல்லிக்கிட்டு இருக்குறது உண்மையில லோ கார்ப், ஒரு நாளைக்கு 40, 50 கிராம் மாவுச்சத்துக்குள்ள நிக்கணும், பன்னீர் வெண்ணெய் சீஸ் எல்லாம் உண்டு, கிழங்கு மொத்தமா கிடையாது. இந்த மூணையும் கலந்துக்கிட்டுத்தான் பாதிக் குழப்பம் வருது, லோ கார்ப்ல இருக்குறவர் ஹோல்30ல இருக்குறவருக்கு அட்வைஸ் பண்றாரு, அவரும் கேட்டுக்கிட்டு ரெண்டு வாரமா வெறும் வெண்டைக்காயும் முட்டையுமா சாப்பிட்டு தலை சுத்தி உக்காந்துடுறாரு.

அதனால முதல் தேர்வே கிழங்கா, கிழங்கே இல்லாமலா அப்படிங்கறதுதான். என் கருத்து ரொம்ப நேரடியானது, சுகர் கட்டுக்கடங்காம இருக்குறவுக, டாக்டரோ டயட்டீஷியனோ கணக்குப் போட்டு லோ கார்ப் சொன்னவுக, இவுகளத் தவிர மத்தவுக கிழங்க விடக்கூடாது. அரிசியும் பருப்பும் ஒரே நேரத்துல போயிருச்சுன்னா நம்ம சாப்பாட்டுல வயித்த நிரப்புற ரெண்டு தூணும் போயிருச்சு, அந்த இடத்துல எதையும் வைக்காம விட்டா பசி தாங்காது, ஒரு வாரத்துல டயட்ட விட்டுட்டு நேரா போயி வெள்ளைப் பணியாரத்துல கை வைப்பாக. கிழங்கோட போனா முப்பது நாளும் தாக்குப் பிடிக்கலாம்.

இன்னொரு விஷயம், கிழங்கு இல்லாம இருக்குறவுகளுக்கு முதல் வாரத்துலயே எடை சட்டுனு இறங்கும், அதப் பாத்துட்டு நம்மளும் கிழங்க நிப்பாட்டிருவோம்னு தோணும். அந்த இறக்கத்துல பெரும்பகுதி தண்ணி. உடம்பு மாவுச்சத்த கிளைக்கோஜனா ஈரல்லயும் தசையிலயும் சேத்து வச்சிருக்கும், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனோடயும் கிட்டத்தட்ட 3 கிராம் தண்ணி சேந்து நிக்கும், மாவுச்சத்து வரத்து குறைஞ்சதும் அந்த இருப்பு கரையுது, கூடவே தண்ணியும் உப்பும் போகுது. திரும்பச் சாப்பிட்டா திரும்ப ஏறிடும். அதனால முதல் வார மிஷின் நம்பர வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க, நாலாவது வாரத்துல இடுப்பளவு என்ன ஆச்சுன்னு பாருங்க.

இப்ப அளவுக்கு வருவோம், இது தெரியாமத்தான் எல்லாரும் பயப்படுறாக. வெந்த வெள்ளைச் சோறு 100 கிராம்ல சுமாரா 28 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் ஒருத்தர் 300 கிராம் சோறு போட்டுக்கிட்டா அதுலயே 84 கிராம் உள்ள போயிருது, நம்ம ஊரு பந்தியில அது பெரிய அளவே இல்ல, குழம்புக்கு ஒரு தரம் ரசத்துக்கு ஒரு தரம்னு போட்டா அதுக்கு மேலயே போகும். சேனைக்கிழங்குல 100 கிராமுக்கு 18 கிராம் பக்கம்தான், வெந்த சர்க்கரவள்ளியில 18, வெந்த உருளையில 20. அப்ப 150 கிராம் சேனை வச்சு சாப்பிட்டா 27 கிராம், சோத்துல வர்றதுல மூணுல ஒரு பங்கு. கிழங்கு சாப்பிட்டா எடை போடும்னு சொல்றவுக கிழங்க சோத்தோட சேத்து, அதுவும் எண்ணெயில வறுத்து சாப்பிட்டத மனசுல வச்சு சொல்றாக. சோத்துக்குத் தொட்டுக்கிறதா வச்சா கிழங்கு கூடுதல் சுமை, சோத்துக்கு பதிலா வச்சா அது குறைச்சல்தான்.

ஆனா மரவள்ளி இந்தக் கணக்குல வராது, அதுல 100 கிராமுக்கு 38 கிராம் மாவுச்சத்து, சோத்த விட ஜாஸ்தி. இதக் கடைசியில பேசுறேன்.

சேனையில இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா என்னைக் கேட்டா தினப்படிக்கு இதுதான் முதல் இடம். வருஷம் முழுக்க கிடைக்கும், தை மாசம் நல்லா கிடைக்கும், உருளைய விட நார் கூட, இனிப்பு சுத்தமா இல்ல, அதனால சாப்பிட்டு முடிச்சதும் வேற ஏதாவது இனிப்பா கிடைக்குமான்னு நாக்கு தேடாது. மசாலாவ நல்லாப் பிடிச்சுக்கும், கடிச்சா கறி மாதிரி ஒரு கனம் இருக்கும், சைவக்காரக வீட்டுல கறிக்குப் பதிலா சேனைதான் இலையில இடம் பிடிக்கும். கடையில கேக்கும்போது பாத்துக் கேளுங்க, நம்ம பக்கம் சில வீட்டுல சேனையவே கருணைக்கிழங்குன்னு சொல்றது உண்டு, சின்னச் சின்னதா கைப்பிடிக்குள்ள அடங்குற பிடிகருணை வேற. ரெண்டுமே நாக்குல தொண்டையில அரிக்கும், அதுக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட், ஊசி மாதிரி படிகமா உள்ள இருக்கும். புதுசா வெட்டி எடுத்ததுல அரிப்பு கூட, கொஞ்ச நாள் கிடந்து மண்ணு காஞ்சு தோலு சுருங்குனத வாங்குங்க. நறுக்குறப்போ கை ஈரமில்லாம எண்ணெய் தடவிக்கங்க, வேக வைக்கிறப்போ மஞ்சத்தூளும் புளித்தண்ணியும் விட்டு நல்லா வேக விடுங்க, அரைவேக்காட்ல எடுத்தா கண்டிப்பா அரிக்கும்.

நம்ம வீடுகள்ல சேனைய அரிசி கழுவுன தண்ணியில வேக வைக்கிற பழக்கம் உண்டு, மண்டின்னு நம்ம பக்கம் வைக்கிற புளிப்புக் குழம்புக்கும் அதே தண்ணிதான். டயட்ல கறாரா இருக்குறவுக அத விட்டுட்டு புளித்தண்ணி மட்டும் போதும்னு வச்சுக்கங்க, வேலை அதே மாதிரி நடக்கும்.

சேனை வறுவல் டயட்டுக்குள்ள எப்படிப் பண்றதுன்னா, சதுரமா கொஞ்சம் கனமா நறுக்கி முக்கால்வாசிக்கு மேல வேக வச்சு எடுத்துக்கங்க, சின்ன வெங்காயம், பூண்டு, சோம்பு, வரமிளகாய், கொஞ்சம் மிளகு வச்சு கெட்டியா அரைச்சு கல்லுப்பு போட்டு பெரட்டி வச்சிடுங்க, தோசைக்கல்லுல நல்லெண்ணெய் ரெண்டு ஸ்பூன் விட்டு ஒவ்வொண்ணா அடுக்கி சிறு தீயில ரெண்டு பக்கமும் சிவக்க விடுங்க, கடைசியா கறிவேப்பிலை. மொறுமொறுப்புக்கு அரிசி மாவு கடலை மாவு போடுவோம்ல, அது இங்க கிடையாது, அதுக்குப் பதிலா தீயக் குறைச்சு நேரத்தக் கூட்டுங்க, அதுலயே முறுகி வரும். எண்ணெய்ச் சட்டியில போட்டுப் பொரிச்சு எடுத்தா சட்டப்படியும் தப்பு, கிழங்கு குடிக்கிற எண்ணெயும் கணக்கில்லாமப் போயிடும்.

சேனையில ஒரே எச்சரிக்கை கிட்னி கல்லு வந்தவுகளுக்கு. பெரும்பாலான கல்லு கால்சியம் ஆக்சலேட்தான், அதே ஆக்சலேட் சேனையில சேப்பங்கிழங்குல எல்லாம் இருக்கு, கல்லு வந்து அவஸ்தைப்பட்டவுக தினமும் சேனைன்னு போகாம பரங்கிக்காய் பக்கம் போறது நல்லது, டாக்டர்ட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க.

பிடிகருணை மசியல் பத்தி தனியா ஒண்ணும் சொல்லத் தேவையில்ல, சில வீட்டுல துவரம்பருப்பு சேப்பாக, அத மட்டும் விட்டுட்டு எலுமிச்சம்பழம் இஞ்சி பச்சைமிளகாய் வச்சு மசிச்சா போதும். வயசானவுக பல்லு இல்லாதவுகளுக்கு சேனைய விட இது தோது.

அடுத்து சர்க்கரவள்ளி. இத எல்லாரும் டயட் கிழங்குன்னு தலைமேல தூக்கி வச்சுக்கிறாக, நல்ல கிழங்குதான், ஆனா எல்லாச் சர்க்கரவள்ளியும் ஒண்ணு இல்ல. உள்ள ஆரஞ்சு நிறமா இருக்குறதுலதான் பீட்டா கரோட்டின், அதாவது உடம்புல வைட்டமின் ஏ ஆகுற சத்து, கொட்டிக் கிடக்கு. நம்ம சந்தையில மார்கழி தை மாசத்துல குவிச்சு வச்சிருக்குறது பெரும்பாலும் வெளிய சிவப்புத் தோலு, உள்ள வெள்ளை, அதுல அந்தச் சத்து ரொம்பக் கம்மி. வெளிநாட்டு வீடியோவுல சொல்ற சத்தெல்லாம் நம்ம வெள்ளைக் கிழங்குல இருக்குன்னு நினைச்சுக்கிட்டு சாப்பிடாதீங்க, அந்த வைட்டமின்தான் வேணும்னா பரங்கிக்காயும் கேரட்டும் முருங்கைக்கீரையும் நம்ம கையிலயே இருக்கு.

சர்க்கரவள்ளியில சமைக்கிற விதம் ரொம்ப முக்கியம், இத நிறைய பேரு கவனிக்கிறது இல்ல. மெதுவா சூடு ஏறும்போது கிழங்குல இருக்குற ஒரு என்சைம் மாவுச்சத்த மால்ட்டோஸ்ங்கற சர்க்கரையா மாத்திடும், அதனாலதான் அடுப்புச் சாம்பல்ல புதைச்சுச் சுட்ட கிழங்கு அவ்வளவு தித்திக்கும். தோலோட தண்ணியில வேக வச்சதுல இனிப்பும் குறைவு, ரத்தத்துல சர்க்கரை ஏறுற வேகமும் சுட்டத விடக் குறைவு. சுகர் பார்டர்ல இருக்குறவுக வேக வச்சு மட்டும் சாப்பிடுங்க, ஓவன்ல ஏர் ஃப்ரையர்ல வச்சு சுடுறது வேணாம்.

என்னோட அண்ணன் மக மெட்ராஸ்ல ஐடி கம்பெனியில இருக்கா, போன்ல கேட்டா, "அயித்த, காலையில டிபனுக்கு பதிலா சர்க்கரவள்ளி மட்டும் சாப்பிடுறேன், பதினோரு மணிக்கே பசிக்குது, கிழங்கு ஒத்துக்கலையா?" நான் சொன்னேன், "ஒத்துக்காம இல்லடா, தனியா சாப்பிடாத, ரெண்டு அவிச்ச முட்டையும் தேங்காய்த் தொவையலும் கூட வச்சுக்க, தொவையல்ல பொட்டுக்கடலை போடாத." அடுத்த வாரம் பசி சரியாயிருச்சுன்னு சொன்னா. கிழங்கு எதுவா இருந்தாலும் அதத் தனியா சாப்பிடுறதும் முட்டை மீன் கறியோட சாப்பிடுறதும் வேற வேற, புரதமும் கொழுப்பும் கூட இருந்தா வயித்துல நிக்கும், சர்க்கரையும் நிதானமா ஏறும்.

இனிப்பு ஆசைய விடணும்னே டயட் எடுத்தவுக சர்க்கரவள்ளிய தினமும் சாப்பிட வேணாம்ங்கறது என் எண்ணம். சாப்பாடு முடிஞ்சதும் ஒரு சீயமோ கந்தரப்பமோ கேக்குற நாக்கு அது, அதுக்குத் தினமும் இன்னொரு இனிப்பக் காட்டிக்கிட்டே இருந்தா பழக்கம் எப்படிப் போகும். இதோட இன்னொண்ணும் சொல்லணும், சர்க்கரவள்ளி மாவுல பணியாரம், மரவள்ளி மாவுல அடை, வாழைக்காய் மாவுல இடியாப்பம்னு ஏகப்பட்ட செய்முறை சுத்துது. பொருள் எல்லாம் சட்டத்துக்குள்ளதான், ஆனா ஹோல்30ல விட்ட பலகாரத்த வேற மாவுல திரும்பச் சுட்டு சாப்பிடக்கூடாதுன்னே தனியா சொல்லியிருக்கு, எனக்கு அது ரொம்ப நியாயமாப் படுது. கிழங்கக் கிழங்காவே சாப்பிடுங்க, மாவாக்குனா அளவும் தெரியாது, நாலு பணியாரத்தோட நிக்கவும் முடியாது.

உருளைக்கிழங்கு மேல எல்லாருக்கும் கோவம், நான் அதுக்காகப் பேசுறேன். 1995ல சிட்னி பல்கலைக்கழகத்துல 38 வகை சாப்பாட்ட ஒரே கலோரி அளவுல கொடுத்து எது வயித்த ரொம்ப நேரம் நிறைச்சு வைக்குதுன்னு பாத்தாங்க, வெள்ளை ரொட்டிய 100ன்னு வச்சா அவிச்ச உருளைக்கிழங்கு 323, அந்தப் பட்டியல்லயே அதுதான் முதல் இடம். அவிச்சது, கவனிங்க. பொட்டாசியம் 100 கிராமுக்கு 380 மில்லிகிராம் பக்கம், தோலோட அவிச்சா கொஞ்சம் வைட்டமின் சியும் தங்கும். ஊரு முழுக்க எல்லாக் கடையிலயும் எல்லா நாளும் கிடைக்கும், அரிக்காது, குழந்தைக வரைக்கும் சாப்பிடும். உருளைக்குக் கெட்ட பேரு வாங்கிக் கொடுத்தது சிப்ஸும், எண்ணெய் மிதக்குற ரோஸ்ட்டும், சோத்துக்கு மேல சோறா அத அள்ளிப் போட்டுக்கிறதும்தான்.

சர்க்கரை சட்டுனு ஏத்தும்ங்கறது உண்மைதான், சூடா மசிச்ச உருளை ரொம்ப வேகமா ஏத்தும். ஆனா அவிச்சு ஆற வச்சு, ஃப்ரிட்ஜ்ல ராத்திரி பூரா வச்சுட்டீங்கன்னா அதுல இருக்குற மாவுச்சத்துல ஒரு பகுதி செரிக்காத ஸ்டார்ச்சா மாறும், அது நார்ச்சத்து மாதிரி பெருங்குடலுக்குப் போயி அங்க இருக்குற நல்ல பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகும். மறுநாள் லேசா சூடு பண்ணாலும் கொஞ்சம் தங்கும். அதனால ராத்திரியே தோலோட சின்ன உருளையா அவிச்சு வச்சுட்டு மறுநாள் சோம்பு கறிவேப்பிலை தாளிச்சு, பூண்டு மிளகா அரைச்சுப் போட்டு பெரட்டல் பண்ணிக்கங்க, மணமும் நல்லாருக்கும். பச்சை படிஞ்ச உருளை, முளை விட்ட உருளை வேணாம், அதுல சோலனைன் சேரும், அது கசக்கும், வயித்தையும் கெடுக்கும்.

கிட்னி பழுதாயி பொட்டாசியம் குறைக்கச் சொன்னவுக இந்த டயட்டையே டாக்டர் இல்லாம தொடக்கூடாது, கிழங்கு மட்டும் இல்ல தேங்காயும் இளநியும் கீரையும் எல்லாமே அவுகளுக்குக் கணக்குதான்.

மரவள்ளிக்கு வர்றேன். அவிச்ச மரவள்ளியும் மீன் குழம்பும் சேந்தா அந்த ருசிக்கு ஈடு கிடையாது, நான் ஒத்துக்கிறேன். ஹோல்30 சட்டத்துக்குள்ளயும் வந்துடும். ஆனா சோத்துக்குப் பதிலா மரவள்ளின்னு போனா நீங்க எதையுமே குறைக்கல, கூட்டியிருக்கீங்க. அளவுச் சாப்பாடா எப்பவாவது ஒரு நாள், நல்லா உடம்பு உழைச்ச அன்னிக்கு வச்சுக்கங்க. தோலை ரெண்டு அடுக்கும் முழுசா உரிச்சுட்டு, நறுக்கி, தண்ணி நிறைய விட்டு மூடாம வேக வச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிடணும், அதுல சயனைடு வெளியாக்குற பொருள் இருக்கு, பச்சையாவோ அரைவேக்காடாவோ சாப்பிடவே கூடாது, வாயில வச்சதும் கசந்துச்சுன்னா துப்பிடுங்க. ஜவ்வரிசி மரவள்ளியில இருந்துதானே வருது, அது சரிதானேன்னு சிலர் கேக்குறாக. சேலம் பக்கம் ஆலையில கிழங்க அரைச்சு, மாவை மட்டும் பிரிச்சு, உருட்டி, வறுத்து எடுக்குறது அது, நாரும் இல்ல சத்தும் இல்ல, முழு உணவுன்னு சொல்லிக்க அதுல ஒண்ணுமே மிச்சம் இல்ல. விரதத்துக்கு உப்புமா பண்றது வேற விஷயம், இந்த டயட்டுக்குள்ள வேணாம்.

சேப்பங்கிழங்கு, வாழைக்காய் ரெண்டும் நடுவுல நிக்கும். சேப்பங்கிழங்குல 100 கிராமுக்கு 20ல இருந்து 26 கிராம் வரை மாவுச்சத்து, புளிக்குழம்புல போட்டா அருமை, வறுவல்னு வந்தா எண்ணெய் நிறைய கேக்கும், அதனால நான் குழம்புக்கு மட்டும்தான் சொல்லுவேன். வாழைக்காய ஆவியில வச்சு சீவி பொடிமாஸ் பண்ணுங்க, தாளிக்க உளுத்தம்பருப்பு போடாம கடுகு சோம்பு மட்டும். சிறுகிழங்கு மார்கழி தையில வரும், கழுவுறதுக்குள்ள கை ஓஞ்சுரும், ஆனா அந்த மண்வாசத்துக்காகவே ஒரு தடவையாவது வாங்குங்க.

பனங்கிழங்க தனியா சொல்லணும். தை மாசத்துல ராமநாதபுரம் பக்கம் இருந்து கட்டுக்கட்டா வரும், மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சு, மேல இருக்குற தோலையும் நடுவுல நரம்பையும் எடுத்துட்டு மென்னு சாப்பிடுற சாமான். நார் அவ்வளவு இருக்கு, மெதுவாத்தான் சாப்பிட முடியும், ரெண்டு கிழங்குலயே போதும்னு ஆயிடும், இந்த டயட்டுக்குன்னே அளந்து வச்ச மாதிரி ஒரு நொறுக்குத் தீனி. மிளகும் பூண்டும் வச்சு இடிச்சு சாப்பிட்டா வாயு பிடிக்காதுன்னு பெரியவுக சொல்லுவாக, ருசிக்கும் அதுதான் நல்லாருக்கும். இது கிடைக்கிற ரெண்டு மாசத்துல டயட் ஆரம்பிக்கிறவுக குடுத்து வச்சவுக.

பரங்கிக்காய் கிழங்கு இல்ல, ஆனா கிழங்கு இருக்க வேண்டிய இடத்துல பாதிய இது நிரப்பும். 100 கிராமுக்கு 6 கிராம் பக்கம்தான் மாவுச்சத்து. லோ கார்ப்ல இருந்துக்கிட்டு கிழங்கு சாப்பிட்ட மாதிரி ஒரு நிறைவு வேணும்னா இதுதான் வழி. புளிக்கறி பண்ணும்போது வெல்லம் போடாதீங்க, காய்லயே இனிப்பு இருக்கு. சேனை பாதி பரங்கிக்காய் பாதின்னு ஒரு காரக்குழம்பு வச்சா கிண்ணம் நிறைய சாப்பிடலாம்.

இப்ப ஆளப் பொறுத்து எது எதுன்னு பாத்தா, உக்காந்து வேலை பாக்குறவுக, எடை குறைக்கத்தான் டயட்னா, மத்தியானம் ஒரு வேளை சேனையோ ஆற வச்ச உருளையோ ஒரு கையளவு, ராத்திரிக்கு பரங்கிக்காய் கத்தரிக்காய் மாதிரி லேசான காய். கட்டட வேலை, வயல் வேலை, நாள் பூரா கடையில நிக்கிற வேலைன்னா ரெண்டு வேளையும் கிழங்கு வேணும், பயப்பட வேணாம். தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து பழனிக்கு நடக்குறவுக, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், பாதயாத்திரைக்கு முன்னாடி வர்ற வாரத்துல கிழங்கு இல்லாத டயட்ட ஆரம்பிக்காதீங்க. மாவுச்சத்து நின்ன முதல் வாரம் உப்பும் தண்ணியும் உடம்ப விட்டுப் போகும், தலைவலி, கால் பிடிப்பு, சோர்வு எல்லாம் வரும், அதோட வெயில்ல ரோட்டுல நடக்குறது ஆபத்து. டயட் விடக்கூடாதுன்னு இருந்தா சர்க்கரவள்ளியும் பனங்கிழங்கும் அவிச்சுப் பையில போட்டுக்கங்க, உப்புப் போட்ட எலுமிச்சந்தண்ணி குடிச்சுக்கிட்டே போங்க. தினமும் வேணாம்னு மேல சொன்னேன்ல, அந்தச் சர்க்கரவள்ளிக்கு உண்மையான இடம் இதுதான், நடக்குற உடம்புக்கு அது கைகொடுக்கும்.

சுகர் மாத்திரை, அதுலயும் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவுக, அரிசிய நிப்பாட்டுறதுக்கு முன்னாடியே டாக்டர்ட்ட போகணும். சாப்பாட்டுல மாவுச்சத்து திடீர்னு குறையுது, மருந்து அளவு அப்படியே இருக்குதுன்னா சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து மயக்கம் வரும். தேவகோட்டையில எங்க சின்ன அயித்தைக்கு அவுக டாக்டர் முதல்ல மருந்தக் குறைச்சுட்டுத்தான் ஆரம்பிக்கச் சொன்னாக, கிழங்குல சேனை மட்டும், மத்தியானம் மட்டும், சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு வீட்டுல இருக்குற மிஷின்ல பாத்து எழுதி வைக்கணும்னு சொல்லியிருக்காக. அந்த எழுதி வைக்கிறது ரொம்ப நல்ல வழி, ஒரே கிழங்கு ஒவ்வொரு உடம்புல ஒவ்வொரு மாதிரி ஏத்தும், உங்க நோட்டுல இருக்குற நம்பர்தான் உங்களுக்குச் சரியான பதில்.

கர்ப்பமா இருக்குறவுக, பால் குடுக்குறவுக, வளர்ற பிள்ளைக இந்த மாதிரி அடைச்ச டயட்டுக்குள்ள வரவே வேணாம்.

முட்டையும் சாப்பிடாத சுத்த சைவக்காரகளுக்கு ஒரு வார்த்தை. பருப்பும் தயிரும் பாலும் போனா உங்களுக்குப் புரதம் வர்ற வழியே அடைபட்டுப் போகுது, அந்த இடத்த கிழங்க வச்சு நிரப்ப முடியாது, சேனையில 100 கிராமுக்கு 2 கிராம் பக்கம்தான் புரதம் இருக்கும். நீங்க சீனி, மைதா, பாக்கெட் சாமான், பொரிச்சது இத மட்டும் விட்டுட்டு பருப்பையும் தயிரையும் வச்சுக்கங்க, ஒரு வேளை சோத்துக்குப் பதிலா கிழங்கு வைங்க. அதுவும் முழு உணவு டயட்தான், உங்களுக்கு அதுதான் பொருத்தம்.

கிழங்கு சரியா இருந்து மத்ததுல சட்டம் உடையுற இடம் நம்ம சமையக்கட்டுல சிலது இருக்கு. கடையில வாங்குற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவுல எழுதியிருக்கும் பாருங்க, முப்பது நாளைக்குப் பெருங்காயம் இல்லாமலே பூண்டும் சோம்பும் வச்சு ஓட்டிடலாம். கடலெண்ணெய் நிலக்கடலையில இருந்து வர்றது, நிலக்கடலை பருப்பு வகையில சேரும், அதனால கறாரா இருக்குறவுக செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மட்டும் வச்சுக்கங்க. கொழம்புப் பொடியில துவரம்பருப்பு, அரிசி வறுத்துப் போட்டு அரைச்சிருந்தா அது ஆகாது, மல்லி மிளகாய் சீரகம் மிளகு மட்டும் வச்சு ஒரு மாசத்துக்குத் தனியா அரைச்சு வச்சுக்கங்க.

முப்பது நாள் முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒரே நாள்ல திரும்ப ஆரம்பிக்காம ஒவ்வொண்ணா சேக்கணும், முதல்ல பருப்பு ஒரு நாள், ரெண்டு நாள் விட்டு அரிசி, அப்புறம் பால்னு, ஒவ்வொண்ணுக்கும் வயிறு என்ன சொல்லுதுன்னு பாத்துக்கங்க. அரிசி திரும்ப வர்ற நாள்ல இருந்து இலையில சோறும் கிழங்கும் ஒண்ணா வேணாம், சோறு வச்ச வேளைக்கு அவரைக்காய், கீரை, கத்தரிக்காய்க் கோசமல்லி, கிழங்கு வச்ச வேளைக்கு சோறு இல்ல. இத மட்டும் பழக்கிக்கிட்டா டயட் முடிஞ்சப்புறமும் மத்தியான தட்டுல மாவுச்சத்து பழையபடி ஏறாது. சேனை வாங்குறப்போ பெருசா ஒண்ணு வாங்காம கடைக்காரர்ட்ட சொல்லி கால் கிலோ துண்டா வெட்டி வாங்குங்க, வெட்டுன பக்கம் காத்துபடாம மண்ணோ மஞ்சத்தூளோ தடவி வச்சா ரெண்டு மூணு நாளைக்குக் கெடாது.